மொழிபெயர்ப்பாளர் நாற்காலியிலிருந்து ஒரு மடல்

அகதிகளுக்கான மருத்துவ நிலையங்களை நடத்தும் அமைப்புகளுக்கு,

வணக்கம். நான் மருத்துவன் இல்லை. நோயாளி பேசுவதை மருத்துவருக்கும், மருத்துவர் பேசுவதை நோயாளிக்கும் மாற்றிச் சொல்கிறவன்.

குடிப்பழக்கத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' படிவத்தில் 10 கேள்விகள். இரண்டாவது கேள்வி, குடிக்கிற நாளில் எத்தனை 'டிரிங்க்' என்பது. ஒரு டிரிங்க் என்றால் சுமார் 10 கிராம் ஆல்கஹாலாம். அன்று எதிரே இருந்த நோயாளியோ, நாலு பேராகச் சேர்ந்து, கேனில் இருக்கும் சாராயத்தை ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடிப்பவர். அவர் எந்தக் கணக்கைச் சொல்வார்? என்னைப் பார்த்தார். "எப்பவாவதுதான்" என்றார். அதையே மொழிபெயர்த்தேன். மேசைக்குக் கீழே அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் மறைத்ததற்கு நானும் ஒரு காரணம். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அவர் மனைவியைப் பார்க்கிறவன் நான். என் எதிரில் எப்படி வாய் திறப்பார்? இன்னொரு காரணம் புகலிட விண்ணப்பம். குடிகாரன் என்று கோப்பில் ஏறிவிட்டால் அது கெட்டுவிடும் என்ற பயம். இங்கே சொல்வது புகலிட அலுவலகத்துக்குப் போகுமா போகாதா என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை.

கடைசியில் "குடிக்காதீங்க" என்ற அறிவுரையோடு அனுப்பினார்கள். நடுங்கும் கைக்கு அந்த அறிவுரை ஆபத்து. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் வரும், முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு பிதற்றல் வந்து உயிரே போகலாம். இதைத் தடுக்கக் கொடுக்கும் டயசிபாமும் (நடுக்கம், வலிப்பை அடக்கும் மாத்திரை) தயமினும் (வைட்டமின் பி1) அபூர்வ மருந்துகள் அல்ல. நெருக்கடிச் சூழலில் வேலை செய்யும், மனநலச் சிறப்புப் பயிற்சி இல்லாத மருத்துவர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து 2015-இல் ஒரு கையேடு வெளியிட்டன. மதுவும் போதைப்பொருளும் அதில் தனி அத்தியாயம். உங்கள் அலமாரியிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மதுவோடு இது முடியவில்லை. அபின் வகைப் போதையிலிருந்து மீள மெத்தடோன் எடுத்துவந்தவருக்கு, எல்லை தாண்டிய அன்றே மருந்து நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது 2005 முதல் இருந்தும் இந்தக் கதிதான்.

அப்புறம், அலைக்கழிப்பு. மனநலப் பிரிவில் "முதல்ல குடியை விட்டுட்டு வரட்டும்" என்கிறார்கள். போதை மீட்புப் பிரிவில் "முதல்ல மனசைச் சரிபண்ணிட்டு வரட்டும்" என்கிறார்கள். இரண்டையும் நானே மொழிபெயர்த்திருக்கிறேன், ஒரே ஆளுக்கு. கண்ணை மூடினால் குண்டுச் சத்தம் கேட்கிறது, தூங்குவதற்காகக் குடிக்கிறார். இதில் எது முதல், எது இரண்டாவது? இரண்டுக்கும் ஒரே இடத்தில் சேர்த்துச் சிகிச்சை கொடுங்கள். முழுதாக விட முடியாதவர் குறைத்துக்கொண்டு வந்தாலும் கதவைச் சாத்தாதீர்கள்.

அவர் மறுபடி வந்தால் நான் வெளியே போய்விடுகிறேன். எங்களில் யாரையும் அறியாத வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுங்கள். படிவத்தை எடுப்பதற்கு முன்னால், முந்தின ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்