தெரிந்த சொல்லுக்கும் அகராதி தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் ஆங்கிலச் சொற்பொருள் பகுதியைத் தவறாமல் வாசிக்கிறேன். அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

சென்ற வாரம் என் பேத்தி 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் ஒரு காட்சியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கையில் கடையில் வாங்கிய உரைநூல். ஜூலியட் மேலே நின்று தனக்குத்தானே பேசும் புகழ்பெற்ற வரியில் வரும் 'வேர்ஃபோர்' என்ற சொல்லுக்கு அதில் 'எங்கே' என்று பொருள் போட்டிருந்தது. "ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?" என்று உருக்கமாகச் சொல்லிக் காட்டினாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. 'வேர்ஃபோர்' என்றால் 'ஏன்', 'எதற்காக'. ஜூலியட் அவனைத் தேடவில்லை. அவன் கீழே தோட்டத்தில் நிற்பதே அவளுக்குத் தெரியாது. "நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?" என்று வெதும்புகிறாள். பகைவீட்டுப் பிள்ளையாகப் பிறந்தாயே என்பதுதான் அவள் துயரம். அடுத்த வரியிலேயே, தந்தையை மறுத்துவிடு, பெயரைத் துறந்துவிடு என்கிறாள். 'எங்கே' என்று படித்தால் அந்த வரி எதனோடும் ஒட்டாது.

'வேர்ஃபோர்' பழைய சொல் என்பதாவது பார்த்தவுடன் தெரியும். சந்தேகம் வந்தவர் தேடிப் பார்க்கலாம். என்னைக் கவலைப்படுத்துபவை நாம் தினமும் புழங்கும் சொற்கள். 'லெட்', 'மீட்', 'நைஸ்' ஆகியவற்றுக்கு யார் அகராதியைப் புரட்டுகிறார்கள்?

'ஹாம்லெட்' முதல் அங்கத்தில் தந்தையின் ஆவி இளவரசனைக் கைகாட்டி அழைக்கிறது. போகாதே என்று உடனிருப்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் திமிறிக்கொண்டு, என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். 'லெட்' என்றால் 'விடு', 'அனுமதி' என்று மட்டுமே கற்ற மாணவன் இங்கே என்ன செய்வான்? வழிவிடுகிறவனைக் கொல்வேன் என்றல்லவா பொருள் வருகிறது! பழைய ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிய இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடுதல் என்று பொருள், மற்றொன்றுக்குத் தடுத்தல். காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு தடுத்தல் என்ற பொருள் பேச்சிலிருந்து மறைந்தது. அடியோடு மறைந்துவிடவும் இல்லை. நம் இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால், இதை வைத்திருப்பவரை 'லெட்' எதுவும் இடையூறு எதுவும் இன்றிச் செல்லவிடுமாறு கேட்கும் வாசகம் இருக்கும். தமிழில் 'தங்குதடையின்றி' என்கிறோமே, அதே போன்ற இணைமொழி. மேசைப்பந்தாட்டத்தில் சர்வீஸ் பந்து வலையை உரசிச் சென்றால் நடுவர் சொல்லும் 'லெட்' என்பதும் இந்தத் தடைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் மறுபதிப்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். ஆதியாகமம் முதல் அதிகாரம், 29ஆம் வசனம். பூண்டுகளையும் கனிமரங்களையும் மனிதருக்கு 'மீட்' ஆகக் கொடுத்தேன் என்று கடவுள் சொல்கிறார். "கீரையும் பழமும் எப்படி சார் இறைச்சியாகும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் மூத்த ஆசிரியர் ஒருவர், "தமிழ் விவிலியத்தில் அதே வசனத்தை எடுத்துப் பார்" என்றார். 'ஆகாரமாயிருக்கக்கடவது' என்று இருந்தது. அந்நாளில் 'மீட்' என்றால் எந்த உணவும்தான். இறைச்சி என்று சுருங்கியது பிற்பாடு.

அன்று முதல் இரண்டு விவிலியங்களையும் அருகருகே வைத்துப் படிப்பது என் வழக்கமாகிவிட்டது. இன்றைய மாணவருக்குத் 'தடு' என்று மட்டுமே தெரிந்த 'ப்ரிவென்ட்', அங்கே தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 'முந்திக்கொள்'. 'துன்பப்படு' என்று நாம் சொல்லிக்கொடுக்கும் 'சஃபர்', சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு 'இடங்கொடுங்கள்' என்னும் இடத்தில் நிற்கிறது. 23ஆம் சங்கீதத்தின் 'வான்ட்' விருப்பமல்ல, குறைவு. 'நான் தாழ்ச்சியடையேன்' என்று தமிழ் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது! ஆங்கிலத்தின் பழம்பொருளுக்கு நம் வீட்டிலேயே இப்படியொரு துணை இருக்கும்போது பிள்ளைகளுக்கு அதை ஏன் காட்டக் கூடாது?

'நைஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. அறியாமை என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் மூடத்தனத்தைக் குறித்து, பிறகு நுணுக்கம், நேர்த்தி என்றெல்லாம் உயர்ந்த சொல் அது. ஜேன் ஆஸ்டின் மறைந்தபின் 1817 இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், ஒரு புத்தகத்தை உலகிலேயே 'நைஸ்' ஆனது என்கிறாள் நாயகி. அதன் கட்டமைப்பு நேர்த்தியைச் சொல்கிறாயா, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கேலி செய்கிறான் நாயகன். பழைய பொருளை அறியாத வாசகருக்கு அந்தக் கேலி எட்டவே எட்டாது.

1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவடைந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி, ஒவ்வொரு சொல்லின் பொருள்களையும் எடுத்துக்காட்டுகளோடும் ஆண்டுகளோடும் காலவரிசையில் தருகிறது. எல்லாப் பள்ளிகளாலும் அதை வாங்க முடியாது. உங்கள் பக்கத்திலோ அதற்கு ஒரு வரி போதும். சொல்லின் இன்றைய பொருளுக்குக் கீழே, பழைய இலக்கியத்தில் அது வேறு பொருளில் வருமானால் அதையும், எந்த நூலில் வருகிறது என்பதையும் குறிப்பிடுங்கள். உரைநூல் எழுதுபவர்களும் அதைப் படிப்பார்கள்.

பேத்தி தன் நூலில் 'எங்கே' என்பதைப் பென்சிலால் அடித்துவிட்டு 'ஏன்' என்று எழுதி வைத்திருக்கிறாள். தேர்வில் எதை எழுதட்டும் தாத்தா என்று கேட்டாள். 'ஏன்' என்றே எழுது என்று சொல்லியிருக்கிறேன். விடைத்தாளைத் திருத்துபவர் கையிலும் அதே உரைநூல் இருந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை