வீட்டுக்கு வரும் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) டேப்லெட் கணினி வேண்டி மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பினாங்கு மாநில சுகாதார இலாகா.

பொருள்: வீட்டுப் பராமரிப்புக் குழுவுக்கு இலாகாவின் டேப்லெட் கணினி வழங்கக் கோருதல்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

பிறையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். அம்மாவுக்கு வயது 74. இனிப்புநீர், இடது காலில் ஆறாத புண். வாரம் இரண்டு முறை மிஸ்ஸி வீட்டுக்கே வந்து கட்டு மாற்றுகிறார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. குறை, அவர் கொண்டுவரும் தாள்களில்தான்.

சென்ற மாதம் அம்மா நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். சர்க்கரை மிகவும் இறங்கிப்போனதால் இரவு இன்சுலினை 18 யூனிட்டிலிருந்து 12ஆகக் குறைத்து அனுப்பினார்கள். அடுத்த முறை வந்த மிஸ்ஸியின் தாளில் 18 என்றே இருந்தது. அதன்படியே போடச் சொன்னார். டிஸ்சார்ஜ் தாளை அம்மா மைலோ டின்னில் வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் திருத்தினார். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று டாக்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. புண்ணைப் படம் எடுப்பது மிஸ்ஸியின் சொந்தக் கைப்பேசியில். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், பாவம், வேறு வழி? அம்மாவின் கால் அவர் வீட்டுப் பிறந்தநாள் படங்களோடு கிடக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே இலாகாவே பார்த்துச் செய்தால்தான் உண்டு.

1999இல் திறந்த செலாயாங் மருத்துவமனை தாளில்லாமல், பதிவுகளைக் கணினியிலேயே வைத்துத் தொடங்கியது. எங்கள் வாசலுக்கு அது வரக்கூடாதா?

நாங்கள் கேட்பது இலாகாவுக்குச் சொந்தமான டேப்லெட். கிளினிக்கை விட்டுக் கிளம்புமுன் அன்றைய நோயாளிகளின் கடைசி மருந்துப் பட்டியல் அதில் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் புளோக்கில் லைன் கிடைக்காது. எடுத்த படமும் எழுதிய குறிப்பும் அதிலேயே இருந்து, லைன் வந்ததும் கிளினிக்குக்குப் போகட்டும். தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கும் வசதி அவசியம். ஒரு வீட்டில் புண்ணைத் தொட்ட கை அதே திரையோடுதான் அடுத்த வீட்டுக்குப் போகும் என்பதால், கிருமிநாசினியால் துடைக்கக்கூடிய உறையும் கொடுங்கள். மருந்தளவைத் தமிழிலும் காட்டினால் அம்மாவே படித்துக்கொள்வார்.

எல்லாக் கிளினிக்குக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. செபராங் பிறையில் ஒரு குழுவுக்குக் கொடுத்து ஆறு மாதம் பாருங்கள். அதுவரை மைலோ டின்னைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பிறை அடுக்குமாடிக் குடியிருப்பாளர்