தேவாலா பொன் சுரங்க வாய்களுக்குக் கம்பிக் கதவு: நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர்,

நீலகிரி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் பக்கம் போனால், தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே பழைய தங்கச் சுரங்கங்கள் இன்றும் வாய் திறந்தே கிடக்கின்றன. அந்த வாய்களுக்குக் கம்பிக் கதவு போடவே இந்தப் பணம் திரட்டுகிறோம்.

இந்த மலையில் குறும்பரும் பணியரும் ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொன் எடுத்தவர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையைக் கவனித்த பிரஃப் ஸ்மித்தை 1879இல் ஆங்கில அரசு இங்கே ஆராய அழைத்தது. அவருடைய அறிக்கையை நம்பி லண்டனில் அடுத்தடுத்துக் கம்பெனிகள் கிளம்பின, மலையைக் குடைந்தார்கள். குவார்ட்ஸ் கல்லை இடித்துப் பார்த்தால், சொன்ன அளவுக்குப் பொன் இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகளை மூடினார்கள். சுரங்கங்களை மூடவில்லை.

ஆபத்து இடிந்து விழுவதில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். உள்ளே பாறையில் இருக்கும் கந்தகக் கனிமங்கள் ஈரத்தில் துருப்பிடிப்பதுபோல மாறி ஆக்சிஜனைத் தின்றுவிடும். மட்கும் மரமும் அப்படித்தான். 16 சதவீதத்துக்கு இறங்கினால் மெழுகுவர்த்தி அணையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் மூச்சுத் திணறுவதைக்கூட உணராமல் சுருண்டு விழுவார். காப்பாற்ற ஓடுகிறவரும் அதே இடத்தில் விழுவார். திருட்டுத்தனமாகப் பொன் தோண்டப் போய் இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. யாராவது உள்ளே விழுந்தால் தயவுசெய்து பின்னால் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மண்ணைக் கொட்டி அடைத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். தேவாலாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற கொட்டுக்கு, அடைத்த மண்ணுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி ஒருநாள் மொத்தமாக உடைத்துக்கொண்டு வரும். கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே தொங்கும் வௌவால்களும் செத்துப்போகும். உளியால் கொத்திய அந்தச் சுவர்கள் இந்த வட்டாரத்தின் வரலாறு என்பதும் எங்களுக்குப் பெரிய காரணம். ஆகவே தண்ணீரும் காற்றும் வௌவாலும் போய்வர, மனிதர் மட்டும் நுழைய முடியாத கதவுதான் சரி.

1.5 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரமுள்ள ஒரு வாய்க்கு 25 மில்லிமீட்டர் கம்பி 10 துண்டு, ஒவ்வொன்றும் 1.8 மீட்டர். எல்லாம் படுக்கையாக, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் 14 சென்டிமீட்டர் இடைவெளி. நெட்டுக்குத்தாகக் கம்பி நெருக்கி வைத்தால் வௌவால் பறக்க முடியாது; இடைவெளி கூடினால் சிறுவன் நுழைந்துவிடுவான். பாறையில் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஆழத் துளையில் கம்பியை முழுக்கச் சொருகி, பிறகு மறுபக்கத்துக்குத் தள்ளி, சிமென்ட் கலவையால் இறுக்க வேண்டும். நடுவில் ஒரு எல் ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) நிறுத்தி எல்லாக் கம்பியையும் அதில் வெல்டிங் செய்வோம். இல்லையென்றால் ஒவ்வொரு கம்பியாக உருவிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். கதவை வாயிலேயே வைக்காமல் இரண்டு மூன்று மீட்டர் உள்ளே, உறுதியான பாறையில் வைக்கிறோம். வாயோரம் மண் சரியும், யானையும் முட்டும்.

மொத்தம் ஒரு கதவுக்கு 80 கிலோ இரும்பு, ஒரு மூட்டை சிமென்ட், துருப்பிடிக்காமல் பூசும் துத்தநாகப் பிரைமர், ஜெனரேட்டர் வாடகை, தலைச்சுமைக் கூலி. சாதாரணப் பெயின்ட் போதாது. சுரங்கத் தண்ணீரில் அமிலம் உண்டு. ஜூன் மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்.

செங்குத்துக் குழிகளுக்கு இப்போதைக்கு வேலி மட்டும், விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி. அவற்றில் குப்பை கொட்டாதீர்கள். பாதியில் சிக்கித் தரை மாதிரித் தெரியும், மிதித்தால் இறங்கும்.

வனத்துறையும் வருவாய்த்துறையும் எழுத்தில் அனுமதி தராத எந்த வாயிலும் கை வைக்க மாட்டோம். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. கதவு வாரியாகச் செலவுக் கணக்கை ஊரில் ஒட்டுவோம். இரும்பாகவே கொடுக்க விரும்புவோர் 12 மீட்டர் முழுக் கம்பியாகக் கொடுங்கள், இரண்டு இருந்தால் ஒரு வாய் அடையும். வெட்ட வேண்டாம், ஒவ்வொரு வாயின் அகலமும் வேறு, அளந்த பிறகு நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.