ஆரஞ்சு மூடி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ அழுததில் பாதி எனக்குப் புரியவில்லை. பின்னால் உன் ரூம் பிள்ளைகள் வேறு சத்தம். அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். அப்பாவிடம் உனக்கு வயிற்று வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. ஆறாம் நம்பர் பெட் அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் 10 யூனிட் இன்சுலின் போட வேண்டும். இன்சுலின் குப்பியில் (வயல்) மில்லிக்கு 40 யூனிட் என்று இருந்தது. ட்ராலியில் சிவப்பு மூடி சிரிஞ்ச் தீர்ந்துபோச்சு. அந்த அம்மாவின் மகன் வெளியே மருந்துக் கடையில் வாங்கி வந்தது ஆரஞ்சு மூடி. நீயும் 10 என்ற கோடு வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டாய். சரிதானே?

சிவப்பு மூடி 40 யூனிட் வயலுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் வயலுக்கு. ஆரஞ்சில் 10ஆம் கோடு என்றால் 0.1 மில்லி. 40 யூனிட் வயலில் 0.1 மில்லி எடுத்தால் 4 யூனிட்தான் வரும். அப்புறம் சாயங்காலம் சுகர் எப்படி இறங்கும்? இதே தலைகீழாக நடந்திருந்தால், 100 யூனிட் வயலும் சிவப்பு மூடியும் கையில் கிடைத்திருந்தால், 10 போக வேண்டிய இடத்தில் 25 யூனிட் போயிருக்கும். அந்த அம்மா வியர்த்துக் கொட்டி, வாய் குழறி, நினைவில்லாமல் கிடந்திருப்பார். இதைப் படிக்கும்போது உனக்கு வயிற்றைப் பிசையும். பிசையட்டும். எனக்கு எழுதும்போதே பிசைகிறது.

நேற்று நீ அழுதது இன்சுலினுக்காக இல்லை என்று நினைக்கிறேன். வார்டு நடுவில், நோயாளிகளுக்கு முன்னால், உன் மேடம் "நீயெல்லாம் எதுக்கு நர்சிங்குக்கு வந்தே" என்று கேட்டார்களே, அதற்காக. அவர்கள் கேட்டது தப்பு. மூன்றாம் வருஷப் பிள்ளை ஊசி போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது அவர்கள் வேலை. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால் எங்கே நிற்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வார்டில் இருந்தவள் நான், இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பிள்ளையைத் திட்ட ஒரு டியூட்டி ரூம் இருக்கிறது.

நீ போன் வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் வேறு. குப்பைக் கூடையில் மூடியின் நிறத்தைப் பார்த்ததும் நீயாகவே போய் டியூட்டி சிஸ்டரிடம் சொன்னேன் என்றாயே, அந்த ஒரு வரிதான். யாருமே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சுகர் இறங்கவில்லை, டோஸை ஏற்று என்று டாக்டர் 14 எழுதியிருப்பார். அடுத்த ஷிஃப்டில் யாரோ சரியான சிரிஞ்சில் 14 போட்டிருப்பார்கள். அப்போதுதான் அந்த அம்மா உண்மையிலேயே விழுந்திருப்பார். நீ சொன்னதால் அது நடக்கவில்லை.

உன் வயதில் நான் சொல்லவில்லை, கயல். இது அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

1992. ஒரு அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் மெடிக்கல் வார்டு. கட்டில் நாற்பது, தரையில் பாய் போட்டு இன்னொரு பத்துப் பேர். நைட் டியூட்டி முடிகிற நேரம், ஆறு மணிக்குள் எல்லாருக்கும் டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு எழுத வேண்டும். இருந்த மாணவிகள் இரண்டே பேர். டெம்பரேச்சராவது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். பல்ஸை? 78, 80, 76 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். மூச்சு எல்லாருக்கும் 20. நீங்களும் இப்போது அப்படித்தான் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், முகத்தைத் திருப்பாதே.

அதில் ஒரு பெண், என்னைவிட ஒரு வயது சின்னவள். அரளி விதை கேஸ். முந்தின நாள் ராத்திரி கேஷுவால்டியில் வயிறு கழுவி மேலே அனுப்பியிருந்தார்கள். நன்றாகப் பேசினாள், என்னிடம் சீப்பு கேட்டாள். அரளி நெஞ்சைத்தான் பிடிக்கும், துடிப்பு ஒரு நாள் கழித்துக்கூடப் படுத்துவிடும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அவளுக்கு நான் எழுதியது 80.

வார்டு சிஸ்டர் ரவுண்ட்ஸில் அவள் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. மறு கையைத் திருப்பித் தன் வாட்சைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். 44.

"எண்ணினியா?"

"எண்ணினேன் சிஸ்டர்."

டாக்டர் வந்தார், அட்ரோபின் போட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் என்னை அந்தக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார் சிஸ்டர். கால் மணிக்கு ஒரு தடவை முழு நிமிஷம் எண்ணி எழுது என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. 46, 42, 48. ஒன்றுக்கொன்று தூரம் மாறி மாறி விழுகிற துடிப்பு. இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், பிறகு கேள்விப்பட்டேன். பல வருஷம் கழித்து அந்த சிஸ்டரை ஒரு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ரிட்டையர் ஆகியிருந்தார். காப்பி வாங்கிக் கொடுத்தேன். எண்ணவில்லை என்பதை அப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாயே. வா. சனி, ஞாயிறு இருந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போ. படிப்பை விடுகிற பேச்சை மட்டும் இந்த வாரம் எடுக்காதே, அழுது முடித்த பிறகு பேசலாம். இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் என்ன நடந்ததோ அதை மட்டும் எழுது: எத்தனை மணி, எந்த வயல், எந்த சிரிஞ்ச், யாரிடம் எப்போது சொன்னாய். "மன்னிக்கவும்" எல்லாம் அதில் வேண்டாம். சிவப்பு மூடி தீர்ந்துபோயிருந்தது என்பதையும் எழுது. யாராவது முகம் சுளித்தாலும் எழுது. நாளைக்கு உன் ஜூனியர் அதே ட்ராலி முன்னால்தான் நிற்பாள்.

என் பழைய வாட்சுக்கு நேற்று பேட்டரி மாற்றினேன். செகண்ட் முள் நன்றாக ஓடுகிறது, ஸ்டிராப்தான் கொஞ்சம் பெரிசு. போனைப் பார்த்து எண்ணுகிற வேலை இனி வேண்டாம். முறுக்கும் பருப்புப் பொடியும் தனியாகக் கட்டியிருக்கிறேன், ரூம் பிள்ளைகளுக்கும் கொடு.

ஆறாம் நம்பர் அம்மாவுக்கு இன்று காலை சுகர் எவ்வளவு? பார்த்து எனக்கு மெசேஜ் போடு.

அம்மா