பழ ஈயின் முதுகைப் பார்த்துப் பொறி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேளாண் பக்கங்களில் பழ ஈ பற்றி வரும் குறிப்புகள் பெரும்பாலும் 'இனக்கவர்ச்சிப் பொறி (வாசனையால் ஆண் ஈயை இழுத்துப் பிடிக்கும் பொறி) வையுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. எந்த ஈக்கு எந்தப் பொறி என்று யாரும் எழுதுவதில்லை. ராமநாதபுரம் கடலோர மணல் நிலத்தில் பாகலும் புடலையும் போடுகிறவர்களுக்கு இதனால் காசும் நட்டம், காயும் நட்டம்.

போன பருவத்தில் எங்கள் ஊர்ப் பாகல் பந்தலுக்குக் கடையில் கொடுத்தது மாமரத்துக்கான மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சி மருந்து தோய்த்த கட்டை. பிஞ்சுகள் புழுத்து உதிர்ந்தபடியே இருந்தன. மருந்தே போலி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மருந்து சரியானதுதான், ஈதான் வேறு.

ஒரு ஈயைப் பிடித்துக் கை லென்ஸில் பார்த்தாலே தெரிந்துவிடும். மா ஈயின் முதுகு பெரும்பாலும் கறுத்திருக்கும். இரண்டு ஓரங்களிலும் மஞ்சள் கோடு உண்டு, நடுவில் கிடையாது. பாகல் ஈக்கு நடுமுதுகிலும் மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோடு ஓடும். இறக்கையைப் பாருங்கள்: மா ஈக்கு ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு மட்டும். பாகல் ஈக்கு அந்தக் கோடு நுனியில் அகன்று திட்டாகிவிடும், உள்ளே குறுக்கு நரம்பின் மேலும் ஒரு கறை இருக்கும். இவ்வளவு நெருங்கிய சொந்தங்களுக்குள் இத்தனை வேறுபாடு! 2015 வரை இரண்டையும் பாக்ட்ரோசெரா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். அப்புறம்தான் பாகல் ஈயைச் சூகோடாகஸ் என்று பிரித்தார்கள்.

கொய்யாவுக்கு வரும் இன்னொரு ஈக்கு முகத்தில், மற்ற இரண்டு ஈக்கும் உள்ள இரண்டு கறுப்புப் பொட்டுக்குப் பதிலாக, ஒரே குறுக்குப் பட்டை இருக்கும். ஆனால் அதன் ஆண் ஈயும் மா ஈயைப் போல மெத்தில் யூஜினாலுக்கே வரும். பாகல் ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குக் கியூ லூர் என்ற வேறு கவர்ச்சி மருந்து வேண்டும். (வீட்டில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிவந்த கண் குட்டி ஈ வேறு குடும்பம், இந்தக் கணக்கில் சேராது.)

இந்த இரண்டு மருந்துப் பொறியிலும் விழுவது ஆண் ஈக்கள்தான். காயைத் துளைத்து முட்டையிடும் பெண் ஈ, வயிற்று நுனியில் ஊசி போன்ற உறுப்போடு வெளியேதான் திரியும். ஆகவே சரியான பொறி வைத்தாலும் சொத்தைக் காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்தே ஆகவேண்டும். விட்டால் புழு மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வந்துவிடும்.

அடுத்த சாகுபடிக்கு முன்பாக இந்த ஈக்களின் முதுகையும் இறக்கையையும் பெரிதாக்கிய வண்ணப்படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே அதற்குரிய மருந்தின் பெயரோடு ஒருமுறை வெளியிடுங்கள். எங்கள் ஊர் உரக்கடைச் சுவரில் வெட்டி ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்