குழி எங்கே இருந்தது என்று காட்டியவர்களுக்கு நன்றி

அன்புள்ள பேரணாம்பட்டு மக்களுக்கும், எங்கள் தெருவுக்கு வந்து உதவிய அத்தனை பேருக்கும் வணக்கம்.

தெருக்கோடியில் மூடிக் கிடந்த பழைய டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, இருந்த இடத்தின் கெட்ட மண்ணைச் சுத்தம் செய்து மைதானமாக்கியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நான் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லாமல் ஒருநாள்கூட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதில்லை. இப்போதும் வாய் தவறி அதைச் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழாவில் நன்றி சொல்ல நேரம் போதவில்லை. யாருக்கு முதலில் சொல்ல வேண்டுமோ அவர்களில் பாதிப் பேர் மேடைப் பக்கமே வரவில்லை. அதனால் இந்த மடல்.

மண்ணைச் சோதிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் முதல் நாளே கேட்டது, "எது எங்கே இருந்தது?" என்றுதான். கட்டடம் விழுந்து பல வருடம் ஆகிவிட்டது, வரைபடம் எதுவும் இல்லை. எங்கள் அப்பா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பார். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் வெந்துபோன மனிதர் அவர். அவர் இல்லை என்றதும் அவரோடு வேலை பார்த்த நான்கு பெரியவர்களின் வீட்டுக்குப் போனேன். நால்வரும் வந்தார்கள்.

ஒருவர் கைத்தடியோடு வேப்பமரத்தடியிலிருந்து அடி எண்ணிக்கொண்டே நடந்தார். "இங்கே உப்புத் தோலை உதறுவோம். இது ஊறல் குழி. அந்தாண்டை சுண்ணாம்பு." இன்னொருவர் சொன்னார்: "முன்னே எல்லாம் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான்மா. குரோம் அப்புறம் வந்தது. தோலைப் போட்டுச் சுத்துற ட்ரம் ரெண்டும் இங்கே நின்னுச்சு. தண்ணி இந்த வாட்டத்துலதான் போகும்." அவர் கை காட்டிய வழியெல்லாம் பிள்ளைகள் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டார்கள். முடிவு வந்தபோது உப்பு இடம் முழுக்க இருந்தது. குரோமியம் மட்டும் அந்த வாட்டத்தில்தான் மிக அதிகம். பெரியவர்களே, நீங்கள் காட்டியிருக்காவிட்டால் மொத்த இடத்தையும் தோண்ட வேண்டியிருந்திருக்கும், அதற்கு நம்மிடம் பணம் ஏது?

அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. தோல் பதனிடப் போடுகிற குரோமியம் ஒரு வகை, அதுவே ஆறு இணைதிறன் கொண்ட இன்னொரு வகையாக மாறினால் புற்றுநோய் வரவைக்கும், தண்ணீரில் கரைந்து தூரம் போகும் என்று திண்ணை திண்ணையாக உட்கார்ந்து விளக்கினீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இன்று எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பாட்டிக்கும் தெரியும்.

அடுத்து சொல்லப்போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. டேனரிச் சுவர் விழுந்த காலத்தில் அங்கிருந்த மண் சும்மா கிடைத்தது. பள்ளத்தை நிரப்ப, அஸ்திவாரத்துக்குள் கொட்ட என்று பல வீட்டுக்காரர்கள் எடுத்துப் போனார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு லோடு மண் வாங்க வக்கில்லாத தெரு இது. "யார் வீட்டில் அந்த மண் இருக்கிறது?" என்று கேட்டபோது கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. சொன்னால் வாடகைக்கு ஆள் வராது, பெண் பார்க்க வருகிறவர்கள் யோசிப்பார்கள். அப்போது ஒரு அக்கா எழுந்து, "எங்க வீட்டு வாசல்ல போட்டிருக்கோம், வந்து எடுத்துப் பாருங்க" என்றார். அப்புறம் ஒவ்வொரு வீடாகச் சொன்னார்கள். அக்கா, அன்றைக்கு நீங்கள் எழுந்திருக்காவிட்டால் மைதானம் மட்டும் சுத்தமாகி, நம் பிள்ளைகள் தவழ்கிற தரையில் அந்த மண் அப்படியே கிடந்திருக்கும்.

மேலே செம்மண் கொட்டி ஒரே மாதத்தில் திறந்துவிடலாம் என்று சிலர் நெருக்கினார்கள். நானும் அவசரப்பட்டேன். "மழை வந்தால் கீழே இருப்பது மறுபடி மேலே வரும், முடியாது" என்று உறுதியாக நின்ற பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. மைதானத்தில் ட்ரம் இருந்த பக்கத்து மண்ணை மட்டும் தோண்டி, தார்ப்பாய் கட்டிய லாரிகளில் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கென்றே இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான் தோண்டினார்கள், காற்று அடித்தால் வேலையை நிறுத்தினார்கள். மிச்ச இடத்தில் களிமண் படுக்கை, அதன்மேல் நல்ல மண், ஓரத்தில் உப்பு மண்ணைத் தாங்குகிற புங்கன் கன்றுகள். லாரி ஓட்டிய தம்பிகள், முகமூடியோடு வெயிலில் நின்ற தொழிலாளர்கள், தினமும் டீ கொடுத்த பாய், எல்லோரையும் மறக்க மாட்டோம். இடத்தைக் கொடுத்ததோடு செலவில் ஒரு பங்கையும் ஏற்ற உரிமையாளர் குடும்பத்துக்கும் நன்றி.

இன்னும் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசு செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீராக்குவதும் அந்தச் செலவில் சேரும் என்று நீதிமன்றம் சொன்னது. இந்த இடத்தைச் சுத்தம் செய்யக் கேட்டு நாங்கள் மனு எழுத உட்கார்ந்தபோது அந்த வரிதான் கையில் இருந்தது. பாலாற்றுக்காக அன்று கோர்ட்டு படி ஏறியவர்களை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்கும் எங்கள் வணக்கம். மாசடைந்த இடங்களுக்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் மனு எழுத வேண்டும் என்றால் வாருங்கள், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

கிழக்கு மூலையில் வேலி போட்ட பகுதி இன்னும் திறக்கவில்லை. மழைக்குப் பிறகு அங்கே மறுபடி மண் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை கைபம்பும் பூட்டியே இருக்கும். பந்து வேலிக்குள் விழுந்தால் பிள்ளைகளை ஏறிக் குதிக்க விடாதீர்கள். சாவி என் வீட்டில் இருக்கிறது, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.