தேதி சொல்லி வரும் சோதனை

ஆசிரியருக்கு,

கட்டுமான இடங்களில் தொழிலாளர் துறையும் தொழிற்சங்கமும் சேர்ந்து சோதனை நடத்துவது நல்லதுதான். ஆனால் தேதி சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்கு மட்டும் எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருக்கும்.

பார்க்க வேண்டியது தலையை அல்ல, காலடியை. சாரப் பலகை கட்டப்பட்டிருக்கிறதா? தாங்குகட்டையைத் தாண்டி நுனி அதிகம் நீண்டால், மிதித்ததும் மறுமுனை தூக்கிவிடும். இடுப்புயரத் தடுப்புக் குழாயைப் பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றுவார்கள். திரும்ப மாட்ட ஆள் இருக்காது. 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமான பள்ளத்தில், மண் சரியாமல் பக்கச் சுவரைத் தாங்கும் பக்கமுட்டு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிக் கொட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் மண்ணே சுமார் 1.5 டன். சரிந்தால் இடுப்பளவு புதைந்தவரைக்கூட இழுத்தெடுக்க முடியாது.

இது அதிகாரியைவிடச் சித்தாளுக்கு நன்றாகத் தெரியும். உடனடி ஆபத்து என்றால் விலகிக்கொள்ளும் உரிமையை, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 167-வது உடன்படிக்கை 1988-லேயே சொல்லிவிட்டது. தினக்கூலிக்கு அது ஏட்டுச் சுரைக்காய். விலகினால் அன்றைய கூலி போச்சு. வேலையை நிறுத்தும் அதிகாரம் சங்கப் பிரதிநிதிக்கும், நின்ற நேரத்துக்குக் கூலி தொழிலாளிக்கும் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே அரசு எழுத வேண்டும்.

– கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள் சிலர்